நூற்றிருபது வரை

பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுவது அவள் வேலை. பதிவேட்டில் உதவியாளர், பிள்ளைகளுக்கு லேப் அக்கா. கழுவிய குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கினால் சுத்தம். எங்காவது ஒரு துளி ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டும். பதினொரு வருடத்தில் அந்தத் துளி அவள் கண்ணுக்குத் தப்பியதே இல்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துத்தான் சரின்னு சொன்னா" என்பான், வேன் ஓட்டும் அவள் கணவன்.

வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்போது அமில பாட்டில் ஒன்று அலமாரியிலிருந்து விழுந்து உடைந்தது. மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. கையுறையைத் தேடாமல் குனிந்து துடைத்துவிட்டாள். நெடி மூக்கில் ஏறியது. இரண்டு முறை இருமினாள், கையை லேசாகத் தண்ணீரில் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். ஒரு கிலோ நூறு கிராம்.

அந்த பாட்டிலைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு தொட்டியும் குழாயும் இருந்தன. உள்ளே போகுமுன் வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டு இரண்டு நிமிடம் கழுவ வேண்டும். "கடிகாரம் பார்க்க வேண்டாம், நூத்தி இருபது எண்ணுங்க" என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தாள். முதல் நான்கு நாள் அப்படித்தான் எண்ணினாள். ஐந்தாம் நாள், குழந்தையின் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்றார்கள். யார் கையிலிருந்து ஏறியது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எண்ணிக்கை இருநூறானது, முந்நூறானது. கதவின் கைப்பிடியைத் தொட்டால் கழுவினாள். தாய்ப்பால் எடுக்குமுன் கழுவினாள், எடுத்த பிறகும் கழுவினாள்.

பால் எடுக்கும் அறையில் ரெட்டைக்காரி இருந்தாள். இரட்டைப் பிள்ளைகளின் தாய் என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டு பாட்டில் கொண்டுபோனவள், ஒரு காலையிலிருந்து ஒன்றுதான் கொண்டுபோனாள். பெயரை மாற்ற யாருக்கும் நாக்கு வரவில்லை. அவளும் அதே பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறையில் சிரிக்க வைப்பவளும் அவள்தான்.

"ஏண்டி லேப்பு, போகும்போது குழாயைக் கழட்டி எடுத்துட்டுப் போகப் போறியா?"

"இல்லக்கா, சோப்பு இன்னும் சரியா போகல."

"போகாதது சோப்பு இல்லடி. கையைக் காட்டு."

அவள் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.

கிருமி இறங்கியது. பத்தொன்பதாம் நாள் டாக்டர், "இன்னிக்கு அம்மா நெஞ்சுல போட்டுக்கலாம்" என்றார். பிள்ளையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துவாரத்தில் ஒரு விரலை நீட்டித் தொட்டதைத் தவிர, அவள் பிள்ளையை அதுவரை எடுத்ததில்லை. அன்று தொட்டியருகே அறுநூறு வரை எண்ணினாள்.

வாசலில் சிஸ்டர் மறித்தாள். "கையைக் காட்டுங்க."

விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. ஓர் இடத்தில் சீழ் வைத்திருந்தது.

"இதோட உள்ளே விட முடியாதும்மா."

"நல்லா கழுவிட்டுத்தான் வந்தேன் சிஸ்டர்."

"கழுவினதாலதாம்மா இது. தோல் வெடிச்ச இடத்துலதான் கிருமி உட்காரும். ஆறட்டும்."

அவள் கண்ணாடிக்கு வெளியே நிற்க, கணவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றிய மார்பில் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு, மேலே துணியைப் போர்த்தினார்கள். அவன் மூச்சு விடவே பயந்தவனாக உட்கார்ந்திருந்தான். பிறகு கண்ணாடி வழியே அவளைப் பார்த்து, "பிரேக்ல கால் வச்சிருக்கேன்" என்று வாயை மட்டும் அசைத்தான். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பினாள். நல்லதுதானே, அவள் பிள்ளைதானே, அவன் அப்பாதானே என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அன்று மருந்து தடவிவிட்ட சிஸ்டரிடம் எல்லாம் கொட்டினாள். பாட்டில், நெடி, இருமல்.

சிஸ்டர் பஞ்சைக் கீழே வைத்தாள். "இவ்வளவு நாளா இதைத்தான் கழுவிட்டிருந்தீங்களா?"

டாக்டரும் உட்கார்ந்து பேசினார். ஒருமுறை துடைத்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்றார். அவள் தலையாட்டினாள். தலைதான் ஆடியது.

ஆறு நாள் களிம்பு, பருத்திக் கையுறை. தினமும் ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். ரெட்டைக்காரி மிஞ்சிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது, முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். கையைத் தொடவில்லை.

ஏழாம் நாள் சிஸ்டர் தொட்டியருகே வந்து நின்றாள். "வாய்விட்டு எண்ணுங்க. நூத்தி இருபது. அதுக்கு மேல போனா நானே மூடிடுவேன்."

சொன்னபடியே மூடினாள். பழக்க தோஷம், அவள் கைகளை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். தோல் முழுக்கத் துளித்துளியாகத் தண்ணீர் நின்றது.

"இன்னும் போகல சிஸ்டர்…"

"அது கைம்மா. கண்ணாடி இல்ல. தண்ணி நிக்கத்தான் செய்யும்."

நெஞ்சில் பிள்ளையைப் போட்ட பிறகும் அவள் இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கி, அந்தச் சின்ன முதுகில் வைக்க வேண்டியிருந்தது.

பிள்ளை பிழைத்தது, வளர்ந்தது, நான்கு வயதும் ஆனது. அவள் மறுபடி ஆய்வகத்துக்குப் போகிறாள். கைகள் ஆறிவிட்டன. ஆனால் மகள் விழுந்து முட்டி சிராய்த்து அழும்போது, அவள் கால்கள் முதலில் குழாயடிக்கே ஓடுகின்றன. அங்கே நின்று சத்தமாக எண்ணுகிறாள். ஒன்று கூடவோ குறையவோ விடுவதில்லை. மகள் விழுந்த இடத்திலேயே கைகளை நீட்டிக்கொண்டு, விசும்பியபடி காத்திருக்கிறாள்.

போன வாரம் மழலையர் வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். "மத்த பிள்ளைங்க இருபது தாண்டவே திணறுதுங்க. உங்க பொண்ணு நூத்தி இருபது வரைக்கும் தடுமாறாம சொல்றா. வீட்டுல யார் சொல்லிக்கொடுக்கறது?"

அவள் கைகளைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். டீச்சர் குனிந்து பிள்ளையிடம் கேட்டாள்.

"சரி கண்ணு, நூத்தி இருபதுக்கு அப்புறம் என்ன வரும்?"

"அப்புறம் அம்மா வருவாங்க."