லீக் அட்டவணையில் ஒரு பை

சட்டை தைப்பவளுக்கு அளவு தெரிந்தால் போதும். பந்தாட்டக் குழுவுக்குச் சட்டை தைப்பவளுக்கு லீக் அட்டவணையும் தெரிந்திருக்க வேண்டும். மெஷினுக்கு முன்னால் இடுப்பு வலியோடு உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, நீங்களாவது என்னை நம்புவீர்கள்.

கடைசி வரி

திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றின் கால்பந்துக் குழுவுக்குச் சட்டை தைத்து, துவைத்து, கிழிசல் பார்ப்பவள் ராயபுரத்தில் இருக்கும் நான்தான். சீசன் தொடங்குமுன் குழுவின் காரியதரிசி காதர் பாய் இங்கிலீஷ் அட்டவணையோடு வருவார். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவர் வாசிக்க வாசிக்கத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வேன்.

பதினோரு குழுக்கள். ஒவ்வொன்றும் மற்ற பத்தோடும் ஒரு தடவை மோத வேண்டும். ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமமானால் ஒன்று. கடைசியில் நிற்கும் குழு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். அந்த வருஷம் நான் பயந்தது அதற்குத்தான். எங்கள் கோல்கீப்பர் மாணிக்கம் அந்தத் தொழிற்சாலையில் தினக்கூலி. முதல் டிவிஷனில் நின்றால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

கடைசி வாரத்துக்கு நேரே காதர் பாய் "பை" என்று வாசித்தார். எதற்கோ பை வேண்டும்போல என்று நினைத்து, பதினோரு சட்டைக்கும் தனித்தனி அறை வைத்துக் கான்வாஸில் ஒன்று தைத்துக் கொடுத்தேன். பாய் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. குழுக்கள் ஒற்றைப்படை என்பதால் வாரம் ஒரு குழுவுக்கு ஜோடி கிடைக்காதாம். அது ஆடாமல் சும்மா இருக்குமாம். அதற்குப் பேர்தான் பையாம். ஆனால் பாய் என் பையைத் திருப்பித் தரவில்லை.

"ரோஸியக்கா, லீக்ல நம்ம டீமுக்குக் கிடைச்ச மொத கப்பு இதுதான்!"

தீக்குச்சிகள்

நடுவில் புயல் வந்து ஒரு வாரத்து ஆட்டமெல்லாம் நின்றது. புதுத் தேதி வந்தபோது எங்களுக்கு வெள்ளியும் சனியும் அடுத்தடுத்து ஆட்டம். இருப்பதோ ஒரே செட் சட்டை. இந்தக் கடல் காற்றில் சேற்றுச் சட்டை ஒரே நாளில் காயுமா? புலம்பிக்கொண்டே காதர் பாயோடு லீக் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே அட்டவணை போடும் பெரியவர் ஒருவர் மேஜை நிறையத் தீக்குச்சி பரப்பி வைத்திருந்தார். ஒரு குச்சி ஓர் ஆட்டம். என் குறையைக் கேட்டு ஒரு குச்சியை நகர்த்தினார். அது இடித்ததால் இன்னொன்றை, பிறகு மூன்றாவதை. எந்தக் குழுவுக்கும் அடுத்தடுத்த நாள் விழவில்லை, ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் விழவில்லை. எனக்கென்று இருக்கும் நான்கு பாவாடையைக்கூட நான் இவ்வளவு ஒழுங்காக அடுக்கியதில்லை. கும்பிட்டேன்.

"புயலுக்கே தேதி மாத்தினேம்மா, ஈரச் சட்டைக்கு மாத்த மாட்டேனா?"

முழங்கை

அடுத்த ஆட்டத்தில் எங்களுக்கு ஐந்து கோல் விழுந்தது. நாங்கள் ஒன்றும் போடவில்லை. கடைசி நிமிஷத்தில் ஆறாவதும் விழப் பார்த்ததாம். மாணிக்கம் பாய்ந்து பிடித்து, சட்டையின் முழங்கையை நார் நாராக்கிக்கொண்டு வந்தான். எனக்கு ஆத்திரம். தோற்றது தோற்றாயிற்று, ஐந்தானால் என்ன, ஆறானால் என்ன, சட்டையாவது மிஞ்சியிருக்குமே என்று கத்தினேன்.

"அஞ்சு அஞ்சாவே நிக்கட்டும்க்கா, ஆறு இன்னாத்துக்கு?"

பை வந்த நாள்

கடைசி வாரம். எங்களுக்குப் பை. எங்களுக்குக் கீழே ஒரே குழு, ஒரு புள்ளி பின்னால். அவர்கள் அன்று ஜெயித்தால் நாங்கள் கடைசி. மாணிக்கத்துக்கு மைதானத்துக்குப் போகத் தைரியம் இல்லை. என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, நான் கேட்காமலே பாபினில் நூல் சுற்றினான். எல்லாம் சிக்கல்.

சாயங்காலம் காதர் பாய் சைக்கிளில் வந்தார். ஆட்டம் சமம், இப்போது இரண்டு குழுவுக்கும் ஒரே புள்ளி என்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று புலம்ப ஆரம்பித்தேன். "முழுசாக் கேளுங்க அக்கா" என்றார். புள்ளி சமமானால் கோலைப் பார்ப்பார்களாம். இரண்டு குழுவும் போட்ட கோலும் சமம். வாங்கியதில் மட்டும் எங்களுக்கு ஒன்று குறைவு. நாங்கள் முதல் டிவிஷனிலேயே நின்றோம், மாணிக்கத்தின் வேலையும் நிலைத்தது. அவன் ஒட்டுப் போட்ட முழங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அந்த ஆறாவது கோலுக்கு என்னைத் திட்டினியேக்கா, இப்போ திட்டு பாக்கலாம்!"

இன்றுவரை ஓர் ஆட்டத்தைக்கூடக் கண்ணால் பார்க்காத நான்தான் அந்தச் சீசனில் பதினோரு வாரமும் விடாமல் உழைத்தவள், எனக்கு மட்டும் பை கிடையாது.