ஸ்டியரிங் பிடிச்சா விறைக்குது

சேட் எங்கள் டாக்சியிலிருந்து பாலத்தின் நடுவில் இறங்கி நடந்து போனார் என்ற செய்தி, அப்பா வீடு வந்து சேருவதற்கு முன்னாலேயே கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக் கடைவீதி முழுக்க வந்து சேர்ந்துவிட்டது. சேட் இஞ்சி, மிளகு மொத்த வியாபாரி. வாரத்துக்கு ஒருமுறை, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐலண்டில் இருந்த விமான நிலையத்துக்குப் போகவும் வரவும் எங்கள் வண்டியைத்தான் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் உச்சி வெயிலில், வெள்ளை வேட்டியும் தோல் பையுமாகக் காரை விட்டு இறங்கி நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த என்னை அரிசிக் கடைக்காரர் நிறுத்தினார்.

"மோளே, அச்சன்றெ வண்டிக்கு எந்து பற்றி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டிக்கு என்ன ஆகும்? அது அப்பாவின் வண்டி. கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமான அம்பாசடர். இருபது வருஷமாக அப்பா ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை என்று டாக்சி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களே சொல்வார்கள். டிரைவர்கள் இன்னொரு டிரைவரைப் பற்றி நல்லதாகச் சொல்வது எவ்வளவு அபூர்வம் என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். பாலத்தில் போகும்போது வண்டி இடது பக்கம் ஒதுங்கி, முன் சக்கரம் ஓரத்துக் கல்லில் கிறீச்சென்று உரசியிருக்கிறது. அப்பா திருப்பியிருக்கிறார். மறுபடியும் உரசியிருக்கிறது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்ன சேட், ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட்டார். திட்டியிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார்.

அன்று சாயங்காலமே அப்பா வண்டியை மாமாவின் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நானும் தொற்றிக்கொண்டேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கோயமுத்தூரில் டயர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, அந்த வருஷம்தான் மட்டாஞ்சேரிக்கு வந்து, பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் முன்பக்கத்தில் பஞ்சர் கடை போட்டிருந்தார். பஞ்சர் ஒட்டுவது வயிற்றுக்கு. அவருடைய பெருமையெல்லாம் டயரைப் பார்த்து வண்டியின் ஜாதகம் சொல்வதில் இருந்தது. வெளிப்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் கோணலாக நிற்கிறது என்பார். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் மிச்சமிருந்தால் காற்று அடிக்காத கஞ்சன் என்று உரிமையாளரைப் பார்த்தே சொல்வார். அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு ஜீப்காரரின் டயரைத் தடவிப் பார்த்து, "வீட்டுல சண்டை போட்டுட்டு வந்து பிரேக்குல காட்டறீங்க" என்று சொல்ல, அந்த மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார். சொன்னது உண்மையாம்.

அப்பா வண்டியை நிறுத்தி இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"ஸ்டியரிங் பிடிச்சா விறைக்குது, அளியா. ஐலண்ட் ரோட்டிலெ அறுபதிலெ போகும்போ வல்லாதெ விறைக்குது."

மச்சான் என்பதற்கு மலையாளத்தில் அளியன். அப்பா தமிழ் பேசினாலும் அது மட்டாஞ்சேரித் தமிழ். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே இங்கே. பேப்பர் படிப்பது மலையாளத்தில், கோபம் வந்தால் மலையாளத்தில், கணக்குப் போடுவதும் மலையாளத்தில். அம்மா பொள்ளாச்சிக்காரி. எங்கள் வீட்டில் இரண்டு தமிழும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தன.

"விறைக்குதுங்களா? அவ்வளவுதானே மச்சான், விடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

பார்த்துக்கொண்டார். முன்சக்கரத்து மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் ஏற்றினார். ஸ்டியரிங் பாக்ஸில் எண்ணெய் ஊற்றினார். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டினார். சின்னப் பெண்ணான என்னாலேயே ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்ப முடிந்தது.

மூன்றாம் நாள் அப்பா திரும்பி வந்தார். "கூடிப்போச்சு அளியா. இப்பத்தான் நல்லா விறைக்குது."

மாமா இன்னும் கொஞ்சம் இளக்கினார். அப்பா மறுபடி வந்தார். மூன்றாவது முறை இருவருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. கல்லு மாதிரி இருந்ததைப் பஞ்சு மாதிரி ஆக்கிக் கொடுத்த பிறகும் விறைக்கிறது என்றால் என்னதான் செய்வது என்று மாமா கத்தினார். விறைக்கிறது என்று சொன்னால் மலை மாதிரி மனுஷனுக்குப் புரியாதா என்று அப்பா கத்தினார். அதற்குள் சேட் வேறு டாக்சிக்கு மாறியிருந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வியாபாரிகள் மாறினார்கள். அப்பாவின் வண்டி ஸ்டாண்டில் முதல் ஆளாக நின்றாலும், வருகிறவர்கள் இரண்டாவது வண்டியில் ஏறினார்கள். அம்மா இரண்டு வேளை உலை வைத்தாள், மூன்றாவது வேளைக்குக் கப்பைக் கிழங்கு. அந்த வண்டி ஒழுங்காக ஓடினால்தான் எங்கள் வீடு ஓடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முடிச்சை அவிழ்த்தது நான்தான். வகுப்பில் என் பக்கத்துப் பெண் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து, பிரம்புக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கை கிடுகிடுவென்று ஆடியது. டீச்சர் அதட்டினார்: "கை விறய்க்காதெ நீட்டடீ!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரம்படி அவளுக்கு, அதிர்ச்சி எனக்கு. மணி அடித்ததும் ஒரே ஓட்டமாக மாமாவின் கடைக்கு ஓடினேன்.

"மாமா, விறைக்கறதுன்னா இங்கெ இறுகிப்போறது இல்லை. நடுங்கறது! அப்பா சொன்னது, நடுங்குதுன்னு!"

மாமா கையிலிருந்த ட்யூபை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் நழுவ விட்டார். பொள்ளாச்சியிலும் கோயமுத்தூரிலும் மார்கழிக் குளிரில் கை விறைத்தால் மரக்கட்டையாகிவிட்டது என்று அர்த்தம். பாலக்காட்டைத் தாண்டினால் அதே கை ஆடுகிறதாம்.

"அடக் கடவுளே! ஆடற வண்டிக்கா கண்ணு நான் எண்ணெய் ஊத்தி எண்ணெய் ஊத்தி இளக்கிக்கிட்டு இருந்தேன்? இறுக்கமா இருந்தாலாவது ஆட்டம் அடங்கியிருக்குமே. கூட்டி விட்டதே நான்தானா!"

தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். அன்று அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த பழம்பொரி இரண்டு. உலகத்திலேயே பெரிய மொழிபெயர்ப்பாளர் நான்தான் என்ற நினைப்போடு அதைத் தின்றேன்.

அதற்குப் பிறகு மாமா வண்டியை விட்டுவைக்கவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பேரிங்கில் ஆட்டம் இல்லை. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றினார். எர்ணாகுளத்தில் மெஷினில் சுற்றவிட்டுச் சக்கரத்தின் எடையைச் சரிபார்க்கும் இடத்துக்கும் கொண்டுபோனார். டயரின் மேல் உள்ளங்கையை ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பின்னாலும் இழுத்துப் பார்த்தார். சக்கரம் கோணலாக இருந்தால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் ரம்பம் மாதிரி கீறுமாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கியது. முன்னால் இடது பக்கம் இருந்த டயரின் பக்கவாட்டில், பாலத்துக் கல்லில் உரசிய தழும்பு ஒன்றுதான் இருந்தது.

"நாலும் ஒரே சீரா தேஞ்சிருக்குது மச்சான். இது நல்ல வண்டியோட டயரு. ஆடற வண்டியோட டயரு இப்படி இருக்காது."

"பிடிச்சாத்தானெ தெரியும்" என்றார் அப்பா.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். அம்பாசடரின் முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். நடுவில் நான். முதலில் மாமா ஓட்டினார். பாலம் தாண்டி ஐலண்டின் நேர் ரோட்டில் ஏறியதும், சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து டாஷ்போர்டின் மேல் நிமிர்த்தி வைத்தார்.

"இது விழுதான்னு பாத்துக்கிட்டே இரு கண்ணு."

நாற்பது. ஐம்பது. அறுபது. தீப்பெட்டி லேசாக அதிர்ந்தது, விழவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அசையாமல் இருந்தது.

வண்டியைத் திருப்பி, அப்பாவிடம் கொடுத்தார். அதே ரோடு, அதே அறுபது. இந்த முறை ஸ்டியரிங் படபடவென்று ஆடியது. அப்பாவின் சட்டைக் கையின் ஓரம்கூட ஆடியது. "கண்டில்லே? கண்டில்லே?" என்றார் அப்பா. ஜெயித்துவிட்டவரைப் போன்ற குரல். நான் தீப்பெட்டியைப் பார்த்தேன். வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்பவள் நான்.

தீப்பெட்டி நின்றுகொண்டிருந்தது.

மாமாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மீன் கறி உண்டு. அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். மாமா தட்டைப் பார்த்தபடி, அடியில் ஏதோ கோளாறு இருக்கும் போலிருக்கிறது, பார்க்க வேண்டும் என்று முனகினார். எனக்குப் பொறுக்கவில்லை. கண்டுபிடித்ததைச் சொல்லாமல் மாமா ஏன் மென்று விழுங்குகிறார்? விறைக்கிறது என்பதற்கு அர்த்தம் சொன்னவள் நான். இதையும் நானே சொல்லிவிட வேண்டியதுதான்.

"அம்மா, மாமா ஓட்டினா விறைக்கலை. அப்பா ஓட்டினாத்தான் விறைக்குது. தீப்பெட்டி விழவே இல்லை!"

அப்பா கையை ஓங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் நகரவில்லை. நகர வேண்டும் என்றே தோன்றவில்லை. ஏனென்றால் அப்பா என்னை அடிப்பார் என்பது நடக்கக்கூடிய காரியமே இல்லை. அதற்கு முன்னால் ஒருநாளும் அவர் என்மேல் கை வைத்ததில்லை.

கை கன்னத்தில் விழுந்தது. சோறு ஒட்டிய விரல்கள். ஆனால் அடி என்று சொல்லும்படி அதில் வேகம் இல்லை. விழுந்த கை விலகவும் இல்லை, என் கன்னத்திலேயே நின்றுவிட்டது. நின்று ஆடியது. ஸ்டியரிங் எப்படி ஆடியதோ அதே ஆட்டம் என் தாடையில், பல்லில், காதுக்குள் கேட்டது. அப்பாவின் கண்களைப் பார்த்தேன். அடித்தவரின் கண் மாதிரியே இல்லை. பிரம்புக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாளே, அவளுடைய கண் மாதிரி இருந்தது.

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். மாமா தட்டை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் அழுதுகொண்டே எழுந்து போய் அம்மாவின் புடவையைப் பிடித்தேன். "அப்பாவுக்கு என்மேலெ எவ்வளவு கோபம் பாரும்மா. கையெல்லாம் விறைக்குது." அந்தச் சொல்லை ஒருநாளும் அப்பாவின் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாத அம்மா, அன்று மட்டும் அர்த்தம் கேட்கவில்லை. என் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாமா டாக்சி ஸ்டாண்டில் போய், வண்டியின் அடிச்சட்டமே வளைந்துவிட்டது, இனி அதைச் சரிசெய்ய யாராலும் ஆகாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். எனக்கு அது இன்னொரு அதிர்ச்சி. ஜீப்காரரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னவர் பச்சைப் பொய் சொல்கிறார். அப்பா பக்கத்தில் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார். அந்த மாதமே இடப்பள்ளிக்காரர் ஒருவர் வண்டியை வாங்கிக்கொண்டு போனார். அப்பா ஒரு மிளகுக் கிடங்கின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குளிராகவா இருக்கிறது, இந்தக் கொச்சியில், என்று நான் கேலி செய்வேன்.

அந்த வண்டியைப் பிறகு பல வருஷம் பாலத்தின் மேல் பார்த்தேன். நேராக, அலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் எனக்குத் திடுக்கென்றிருக்கும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அப்பா அதை விற்றிருக்க மாட்டார், ஓட்டத் தெரியாதவர் என்று மகளே எல்லோர் முன்னாலும் சொன்னதால்தான் விற்றார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். ஸ்டியரிங் பிடிச்சா விறைக்குது. எது விறைக்கிறது என்று அந்த வாக்கியத்தில் இல்லை. சொல்ல முடியாமல் விட்டாரா, யாராவது கேட்கட்டும் என்று விட்டாரா, தெரியவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை. மாமா கிரீஸ் டப்பாவை எடுத்தார். நானோ அர்த்தம் கண்டுபிடித்த பெருமையில் ஓடினேன். டீச்சர் கை என்று சொல்லித்தான் அதட்டினார். நான் அந்தக் கையை வகுப்பிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.