கார் ஏறிப் போன லாபம்

ஓசூரில் நான் வேலை செய்யும் போல்ட் கம்பெனியின் மொத்த லாப விகிதம் ஏறியிருப்பதாக கேன்டீன் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதை நம்பி, மகளின் கல்லூரிப் பணத்தில் கம்பெனிப் பங்குகளை வாங்கினேன். விலை சரிந்தது. கணக்குப் பிரிவு மஞ்சுளாவிடம் போய்க் கத்தினேன்.

"அது சரக்கு செய்யற செலவ மட்டும் கழிச்ச லாபம்ணா. வண்டி வாடகை, வட்டியெல்லாம் அதுக்குக் கீழ வருது. கடைசி வரியில நஷ்டம். நீங்க பார்க்கலயா?"

சரக்கு அனுப்புவதுதான் என் வேலையே! தாமதமான ஒற்றைப் பெட்டிக்காக பெங்களூருக்கு வாடகைக் கார் பிடித்து, தினமும் பில்லில் கையெழுத்துப் போடுகிற எனக்கே இது உறைக்கவில்லை.

இப்போது எந்தக் கம்பெனி அறிக்கையையும் கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறேன். கார் கேட்டு வரும் சூப்பர்வைசரிடம் சண்டையும் போடுகிறேன். அந்தக் காரில் போவது என் மகளின் ஃபீஸ் ஆயிற்றே!