மறையாத கோடு

எனக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தது ஒரு பொய்க் கோடு. சொன்னா வாய் கசக்குது. சொல்லாம இருந்தா அதைவிடக் கசக்குது.

எங்க ஊர் சாரத்துலேர்ந்து தினம் வண்டியில லேபுக்குப் போய்வந்த காலம். சர்க்கரை நோயாளிங்க ரத்தத்துல ஒரு புரோட்டீன் கூடுதுன்னு காட்டுறதுதான் என் நாலு வருஷ வேலை. அந்தப் புரோட்டீனை மட்டும் பிடிக்கும்னு சொல்லி விக்கிற ஆன்டிபாடியைப் போட்டா, படத்துல கருப்பா கோடு விழும். எங்களுக்கு ரெண்டு விழும். படத்துலேர்ந்து தடிச்சதை மட்டும் வெட்டி எடுத்து ரிப்போர்ட்ல ஒட்டுறது எங்க லேப் வழக்கம். கீழ மெல்லிசா இருக்கிறதை, "அது அழுக்கு, வெட்டிடு"ன்னு சீனியருங்க சொல்லிக் கொடுத்தாங்க. வெட்டினேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? என்னைத்தான் செருப்பால அடிக்கணும்.

தீசிஸ் எழுதுறப்ப மனசு அரிச்சுது. அந்த ஆன்டிபாடிக்குன்னு செயற்கையா செய்ற பெப்டைடை வரவழைச்சேன். புரோட்டீனோட சின்னத் துண்டு மாதிரி அது. அதை ஆன்டிபாடியோட முதல்லயே கலந்துட்டா, ஆன்டிபாடி அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்துடும். நெஜக் கோடு மறைஞ்சுபோகும். மறையாம நிக்கிறது போலி.

தடிச்ச கோடு அப்படியே நின்னுச்சு. மெல்லிசான கோட்டைக் காணோம். ஐயோன்னு ஸ்டூல்ல உக்காந்துட்டேன். நாலு வருஷமா நான் வெட்டி எறிஞ்சதுதான் என் புரோட்டீன்!

இன்னும் ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன். அதே கதை. கைடுகிட்ட எடுத்துட்டுப் போனேன்.

"பெப்டைட் கெட்டுப்போயிருக்கும்மா."

"கெட்டிருந்தா மெல்லிசு எப்படி சார் மறையும்?"

படத்தை என்கிட்டயே திருப்பி நீட்டினாரு. அப்புறம், "இதை யாராச்சும் கேட்டாங்களா? கேக்காததுக்கு ஏன்மா பதில் சொல்ற? மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா இன்னும் மூணு வருஷம். நீயே முடிவு பண்ணிக்கோ"ன்னாரு.

பழியை அவர் மேல போட ஆசையாத்தான் இருக்கு. ஆனா முடிவு பண்ணது நான். அந்தப் படத்தைத் தீசிஸ்ல சேக்கல.

கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வெளியூர்லேர்ந்து ஒரு பேராசிரியர் வந்தாரு. எல்லாம் முடியுற நேரத்துல திரையில இருந்த தடிச்ச கோட்டைக் காட்டி, "பெப்டைட் வெச்சுப் பாத்தீங்களாம்மா? இது மறைஞ்சுதா?"ன்னு கேட்டாரு.

கைடு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. பின் வரிசையில எங்கம்மா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி பட்டுப்புடவையில.

"மறைஞ்சுது சார்"னேன்.

முதல்ல கை தட்டினது எங்கம்மாதான்.