வரைபடத்தில் விளைந்த தேயிலை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் செயற்கைக்கோளோடு பழக்கம் வைத்திருந்தவன் சசிதரன் ஒருவன்தான். கோயம்புத்தூரில் ஜி.ஐ.எஸ். என்றொரு எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தான்.

"அப்புடின்னா என்னாடா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு இருளப்பன் மாமா.

"மேலருந்து எடுத்த படத்தப் பாத்து, எங்க என்ன இருக்குன்னு கம்ப்யூட்டர்ல மேப் போடுறது மாமா."

"அத நடந்து போயிப் பாத்தா தெரியாதாக்கும்?"

சசிதரன் சிரித்தான். படித்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள் போல.

கடைசி வருட புராஜெக்டுக்கு நடுவட்டத்துத் தேயிலை நிலங்களை எடுத்துக்கொண்டான். முதல் வகுப்பு வந்தால் ஐதராபாத் கம்பெனி ஒன்றில் வேலை. தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டு, அவன் அம்மா தெய்வம்மா கூலியில்லாமல் இருந்த காலம். வீடே அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

எங்கள் தோட்டத்தை அடர்ந்த காடு என்று காட்டியது கம்ப்யூட்டர். அது சரியா என்று நேரில் போய் நின்று பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. சசிதரன் ஹாஸ்டல் கட்டிலில் படுத்தபடியே பார்த்து முடித்தான். "நான் பொறந்த ஊருடா, எனக்கே சொல்லித் தருதா?" என்று அறைத்தோழனிடம் சொல்லிவிட்டு, காடு என்றிருந்த இடத்திலெல்லாம் 'நல்ல விளைச்சல் தரும் தேயிலை' என்று திருத்தினான். ஃபேக்டரி மூடிச் சில வருஷமானது அவனுக்குத் தெரியும்; லீவுக்கு வந்தாலும் தோட்டத்துக்குள் போனதில்லை. அதற்காகச் செடி எங்கே போய்விடும் என்று நினைத்தான். செடி மேலே போயிருந்தது. கவாத்து வெட்ட ஆளில்லாமல், இடுப்பளவு நின்றதெல்லாம் இரண்டு ஆள் உயர மரமாகி, உள்ளே காட்டெருமைகள் குடித்தனம் நடத்தின.

மே மாதத்தில் அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்குக் களத்தைப் பார்க்கும் ஆர்வம் வந்தது. ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது பல பேராசிரியர்களுக்கு இந்த ஆர்வம் வரும். குடும்பத்தைப் போட் ஹவுஸில் விட்டுவிட்டு, குரங்குக் குல்லாயும் ஜி.பி.எஸ். கருவியுமாக நடுவட்டத்தில் வந்து இறங்கினார். கருவி காட்டிய இடத்தில் போய் நின்றதும் கூட வந்த சசிதரன் அண்ணாந்து பார்த்தான்.

"ஏம்ப்பா சசி, தேயிலைன்னு எழுதியிருக்கறே, இது காடாட்டமல்ல இருக்குது?"

பதிலுக்கு முன்னால் உள்ளேயிருந்து ஒரு விறகுக் கட்டு வெளியே வந்தது. அதன் கீழே தெய்வம்மா.

"ஏனுங்கம்மா, இது டீதானுங்களா?"

தெய்வம்மா மகனைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான். வேலை கையை விட்டுப் போகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தேயிலைதாங்க தொரே. கொஞ்சம் ஒசரமான சாதி."

"அப்புறம் கொழுந்து எப்படிங்க எடுப்பீங்க?"

"ஏணி போட்டுத்தான்."

பேராசிரியர் குல்லாயைக் கழற்றினார். பேனாவைத் திறந்தார். "எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்களே! என்ன ரகமுங்க இது?"

"படிச்ச புள்ள நிக்கிது, அதையே கேளுங்க," என்று சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளையை அறியாதவள் போல அவள் இறங்கிப் போனாள்.

"நடுவட்டம் டால், சார், உயர ரகம்," என்றான் சசிதரன்.

முதல் வகுப்பு வந்தது. பையன் எப்படி என்று ஐதராபாத் கம்பெனி கேட்டபோது பேராசிரியரே பதில் எழுதினார்: இவனை இப்போது அனுப்புவதற்கில்லை; அரியதொரு உயர ரகத் தேயிலையில் என்னிடமே பி.எச்டி. செய்யப் போகிறான்.