குடிலுக்குள் நின்ற நண்டு

கிறிஸ்துமஸ் குடிலைப் போல ஒரு போர்க்களம் உலகத்தில் கிடையாது. எங்கள் பங்குச் சாமியார் கேட்டால் வருத்தப்படுவார். ஆனால் பத்து வயதில் நானே ஆராய்ந்து கண்டுபிடித்த உண்மை இது. இடுப்பு உயரத்தில் அகலமான பலகை. பழுப்புத் தாளைக் கசக்கிப் பசை தடவி எழுப்பிய மலைகள். பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளில் புல்வெளி. கண்ணாடித் துண்டில் ஓர் ஆறு, அதன் மேல் ஐஸ் குச்சிப் பாலம். மேஜைப் போர் விளையாட்டுக்கென்று மலையும் ஆறும் விற்கிற கடைகளே வெளிநாடுகளில் உண்டாம். தூத்துக்குடியில் எங்களுக்கு அது வருடம் ஒருமுறை, டிசம்பர் மாதம், அத்தை கையால் கிடைத்துவிடும். அத்தைக்கு மட்டும் அது தெரியாது.

அத்தை அப்பாவின் தங்கை. நாங்கள் கீழ்வீட்டில், அத்தையும் மாமாவும் மாடியில். மாமாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையிலிருந்து எனக்கு ஒரு பெட்டி வாங்கி வருவார். இன்னும் வராத நூற்றாண்டுகளில் நடக்கப்போகும் யுத்தங்களுக்கான இயந்திரம் ஒன்று அதற்குள் துண்டு துண்டாக, பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே விளையாட்டின் விதிகள் அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகம். மாமா நகவெட்டியால் துண்டுகளை நறுக்கித் தருவார், நான் அம்மாவின் நக அரத்தால் பிசிறு தேய்ப்பேன். கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் பெயிண்டை ஒரு தைலப் புட்டியில் கொண்டுவந்திருந்தார். என் படை முழுக்க அந்த ஒரே நிறம்தான்.

அப்படிச் சேர்ந்தவை ஐந்து. நான்கு சின்னவை. ஐந்தாவது என் உள்ளங்கையை விடப் பெரியது. ஆறு கால்கள், முதுகில் இரட்டைக் குழல் பீரங்கி, முகத்தில் கண்களைப் போல இரண்டு துளைகள். பெட்டியின் மேல் வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் போட்டிருந்தது. கடற்கரைக்காரர்கள் நாங்கள், அதற்கு நண்டு என்று பெயர் வைத்துவிட்டோம். அதில் மூன்று கால்களை மாமா ஒட்டி முடித்திருந்தபோது கப்பலுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்துவிட்டது. "மீதி மூணும் உனக்கு. அவசரப்படாத, பசை காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவசரப்பட்டேன். ஆறாவது காலைத் திருப்பி ஒட்டிவிட்டதால் நண்டு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பது போலவே நிற்கும்.

எதிரி என் அண்ணன். அவனுக்குப் பெட்டி விளையாட்டில் பொறுமை கிடையாது. பற்பசை மூடி, தீர்ந்த ரீஃபில், உடைந்த சார்ஜர் எல்லாவற்றையும் ஒட்டி அவனே ஒரு படை செய்திருந்தான். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ஜெயிக்கும். ஏனென்றால் நகர்கிற தூரத்தை அம்மாவின் தையல் டேப்பால் அளப்போம், அவன் அந்த டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து அளப்பான். கேட்டால், என் படை விதிப்புத்தகத்தைப் படித்தே கிழடாகிவிட்டது என்பான்.

அந்த வருடம் மாமா நவம்பரில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கப்பல் எங்கோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்பதாகவும், கப்பலின் முதலாளி போனை எடுப்பதில்லை என்றும், யாரையும் இறங்க விடவில்லை என்றும் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு சாப்பாட்டுக்கு மாறிவிடும். எனக்குச் சொல்லப்பட்டது, கப்பல் கொஞ்சம் லேட்டு என்பதுதான். எங்கள் ஊர் ரயில்கூட லேட்டாக வரும். என் கவலையெல்லாம், கப்பலுக்குள் சும்மா கிடக்கிற ஆறாவது பெட்டியைப் பற்றித்தான்.

அத்தை வழக்கம்போலக் குடில் கட்டினாள். எங்கள் கோயில் பங்கில் குடில் போட்டி உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாளில் மூன்று நடுவர்கள் வீடு வீடாக வந்து மார்க் போடுவார்கள். அத்தைக்குத் தொடர்ந்து மூன்று வருடமாக இரண்டாம் பரிசு. முதல் பரிசு எதிர்த்தெரு வீட்டுக்கு. அவர்கள் குடிலில் மோட்டார் வைத்து நிஜத் தண்ணீரே ஓடும். அத்தை பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிறவள், தண்ணீருக்கு வெளிச்சத்தால் பதில் சொல்வது என்று தீர்மானித்திருந்தாள். சாயங்காலம் மங்கி, இருட்டி, நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக எரிந்து, கடைசியில் மாட்டுக்கொட்டில் மட்டும் ஒளிரும். வயரை வேறு யாரும் தொடக்கூடாது. போட்டி விதிகள் அச்சிட்ட தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, ஒரு வரிக்குச் சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டிருந்தாள். வேதாகமத்துக்குத் தொடர்பில்லாத பொம்மை எதுவும் குடிலில் இருக்கக்கூடாது. போன வருடம் ஒரு வீட்டில் ஒட்டகங்களுக்கு நடுவே ஒரு டைனோசர் நின்று மொத்த மார்க்கும் போயிருந்தது. எங்கள் இருவரையும் அந்த வரியை வாய்விட்டுப் படிக்கவும் வைத்தாள்.

"முதல் பரிசு வாங்கி உங்க மாமாவுக்குப் போட்டோ அனுப்பணும். இந்தத் தடவ யாரும் கெடுத்துராதிய" என்றாள்.

நடுவர்கள் வருகிற அன்று மத்தியானம் அத்தை கடைக்குப் போனாள். போர் தொடங்கியது. ஆட்டுக்குட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தால் சுடுகிறவனுக்குப் பகடையில் ஒன்று குறையும் என்பது விதி. ஆட்டுக்குட்டிகளை நான் என் பக்கம் நகர்த்தினேன். அண்ணன், பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களையும் சுவர்போல வரிசையாக நிறுத்தினான். அரைமணி நேரத்தில் பெத்லகேம் முழுவதும் தலைகீழாகிவிட்டது. நண்டு ஆற்றைத் தாண்டி, கொட்டிலைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்து, பாலன் படுத்திருந்த தீவனத் தொட்டிக்கு நேராகக் குழல்களை நீட்டி நின்றது. நான் பகடையைக் கையில் எடுத்தபோது கீழே கேட் சத்தம்.

ஆட்டுக்குட்டிகள் இங்கே, ராஜாக்கள் அங்கே என்று அள்ளி வைத்தோம். அகப்பட்டவற்றையெல்லாம் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பின்படி வழியாக இறங்கினோம். கீழே வந்து எண்ணினால் என் படையில் நான்குதான் இருந்தது.

"நண்டு எங்கண்ணே?"

"நீதான் எடுத்த."

"நான் எடுக்கல, நீதான் அந்தப் பக்கம் நின்ன."

"போச்சு போ. சிவப்பு மை வரிய இன்னொரு தடவ படிச்சுக்கோ" என்றான் அண்ணன்.

மேலே ஏறிப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அத்தை வெளிச்சத்தைச் சரிபார்க்கும்போது யாரையும் விடமாட்டாள். சாயங்காலம் வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்து, நண்டு எப்படியாவது பாலத்துக்கு அடியில் விழுந்து மறைந்திருக்க வேண்டும் என்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுவர்கள் வந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கன்னியாஸ்திரீ ஒருவர், பங்கு இளைஞர் ஒருவர். அறை விளக்கு அணைந்தது. மலைகள் மங்கின, நட்சத்திரங்கள் எரிந்தன, கன்னியாஸ்திரீ மெல்ல "அழகா இருக்கு" என்றார். கடைசியில் கொட்டில் ஒளிர்ந்தது. அதன் வாசலில் நண்டு நின்றது.

நான் விட்டுவந்தது போல அல்ல. பாலனுக்கு முதுகைக் காட்டி, குழல்கள் வெளியே பார்க்க, காலடியில் மரத்தூள் சீராகக் கோதிவிடப்பட்டு. முகத்துத் துளை இரண்டிலும் மஞ்சளாக இரண்டு பல்புகள் எரிந்தன. அண்ணன்தான் என்னை மாட்டிவிட இதைச் செய்திருக்கிறான் என்று முடிவு செய்து, இருட்டில் அவனைக் கிள்ளினேன். டார்ச் லைட்டுக்குப் பேட்டரி மாற்றவே அம்மாவைக் கூப்பிடுகிறவன் அவன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தலைமையாசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"இது என்னதும்மா?"

"காவலுக்கு நிக்கி சார்" என்றாள் அத்தை.

"பைபிள்ல இது எங்கன வருது?"

"வரல சார்."

கன்னியாஸ்திரீ நல்லவர். பிள்ளைகள் தெரியாமல் வைத்திருக்கும், எடுத்துவிடுங்கள், நாங்கள் பார்க்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். தலைமையாசிரியரும் பேனாவை மூடிக்கொண்டு காத்திருந்தார். கை நீட்டினால் எட்டுகிற தூரம். அத்தை கையை நீட்டவில்லை.

"இருக்கட்டும் சிஸ்டர். அதுபாட்டுக்கு நிக்கட்டும்."

அந்த வருடம் அத்தைக்கு மூன்றாம் பரிசுகூட இல்லை. திட்டு விழும் என்று இரண்டு நாள் மாடிப்பக்கம் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு முறுக்கு தந்தாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நண்டின் அழகு அத்தையையும் கவிழ்த்துவிட்டது, அவள் நம் கட்சிக்கு வந்துவிட்டாள். உடனே விதிப்புத்தகத்தைக் கொண்டுபோய் முதல் பக்கத்திலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அத்தை பொறுமையாகக் கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு தடவைக்கு இது எவ்வளவு தூரம் போவும்?"

"ஆறு இஞ்ச்."

"அவ்வளவுதானா" என்றாள்.

அண்ணனைப்போல டேப்பை இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம் என்று ரகசியமாகச் சொல்லிவைத்தேன்.

ஜனவரி தொடக்கத்தில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளோடு எல்லா வீட்டிலும் குடிலைப் பிரித்துவிடுவார்கள். அத்தை பிரிக்கவில்லை. ஜனவரி போயிற்று. பிப்ரவரியில் அம்மா ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். சாம்பல் புதன் வந்து, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமே தொடங்கிவிட்டது. குடில் அப்படியே இருந்தது, விளக்கு வைக்கிற நேரத்தில் நண்டின் கண்கள் மட்டும் எரிந்தன. என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. தவக்காலத்தில்கூடப் போர்க்களம் கிடைத்த ஒரே பிள்ளை இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச்சில் ஒரு மத்தியானம் மாமா வந்தார். தோளெலும்பு தெரிய மெலிந்திருந்தார், தாடி இருந்தது, கையில் ஒரே ஒரு பை. அந்தப் பைக்குள் ஒரு பெட்டி இருக்க முடியாது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று அம்மா காலையிலேயே மிரட்டி வைத்திருந்தாள். அவர் நேராகக் குடில் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார், அத்தை பின்னால் வந்து நின்றாள். சுவிட்சைப் போட்டார். நண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்பி ஒட்டிய ஆறாவது காலை விரலால் தொட்டார்.

"கண்ணுக்கு வயரு யாருளா கொடுத்தா?"

"அண்ணன்தான் மாமா. என்னைய மாட்டிவிடுததுக்கு" என்றேன்.

மாமா என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்தார். அத்தை, காபி போடுகிறேன் என்று சொல்லி அடுப்பங்கரைக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. பிறகு மாமாவும் எழுந்து உள்ளே போனார், அவரும் வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து போட்டும் ஒரு காபிக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான் பையின் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தை சீக்கிரம் வந்து, பெட்டி எங்கே என்று எனக்காக அவரிடம் கேட்கமாட்டாளா என்று காத்திருந்தேன்.