உறுப்பு விவசாயி

ஜெர்மன் படிக்கச் சேர்ந்த ஐந்தாவது மாதத்தில், ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பத்து நாள் முழுக்கத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

அப்போது தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. கெங்குவார்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக மொழித்தேர்வு எழுத வேண்டும். ஆன்லைனில் வகுப்பெடுத்த மேடம், ஆளுக்கொரு பக்கம் அனுப்பி, படித்துவிட்டுப் பேசிக்காட்டச் சொன்னார். எனக்கு வந்தது முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒருவரின் கதை. தலைப்பிலேயே அவர் தொழில் இருந்தது: ஓர்கெல்பௌவர். பௌவர் என்றால் விவசாயி என்று முதல் மாதமே படித்தாயிற்று. ஓர்கெல்லை ஆர்கன் என்று எடுத்துக்கொண்டேன். நாள் முழுக்கக் கிட்னி, ஈரல் என்று கேட்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? உறுப்பு விவசாயி என்று நோட்டில் எழுதினேன்.

படிக்கப் படிக்க அதுவே உறுதியானது. பக்கம் முழுக்க உதடு, நாக்கு, பாதம், உடல். ரெஜிஸ்டர்களைப் பற்றி ஒரு பத்தி. எங்கள் வார்டிலும் ரெஜிஸ்டர் உண்டு. ஒரு தேவாலயத்தில் நான்கு வருடம் தங்கி, நாக்குகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார் என்றிருந்தது. அந்தக் காலத்தில் கோயிலில் வைத்து வைத்தியம் பார்த்திருப்பார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வீட்டில் அப்பா, மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"விவசாயின்னு சொல்ற, என்ன வெள்ளாமை போட்டாராம்?"

"அதாம்ப்பா வெளங்கல."

"நெலம் எத்தன குழியாம்?"

அதுவும் எழுதியிருக்கவில்லை.

என்னோடு டியூட்டி பார்த்த அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சாப்பாட்டு நேரத்தில் என் போனை வாங்கி, பக்கத்தின் அடியில் இருந்த படத்தைப் பெரிதாக்கினார். கோயில் தூண்கள் என்று நான் தாண்டிப்போயிருந்த படம்.

"ஏ புள்ள, இது தூணில்ல, கொழாய். காத்தடிச்சு வாசிக்கிற ஆர்கன். எங்க கோயில்ல கரண்ட்டுல ஓடுற கீபோர்டு. இது செவுரு முழுக்க இருக்கும்."

"அப்ப ஒதடு?"

"காத்து வெளிய வர்ற எடம்."

"நாக்கு?"

"உள்ள அதிர்ற தகடு. எங்க பாட்டு மாஸ்டர் சொல்லிருக்காக. அதுக்கு மேல கேக்காத."

வீட்டுக்குப் போனதும் முதலிலிருந்து படித்தேன். ரெஜிஸ்டர் என்பது ஒரே மாதிரி ஒலிக்கும் குழாய்களின் வரிசையாம். பௌவருக்குக் கட்டுகிறவர் என்றும் பொருள் இருந்தது. ஆனால் அந்த மனிதரின் அப்பா உண்மையிலேயே விவசாயி. உழுதவருக்கும், குழாய் செய்தவருக்கும் ஒரே சொல். மறுபடி குழம்பினேன்.

அவர் பதினைந்து வயதில் ஊரைவிட்டு, வெளியூர்ப் பட்டறையில் சேர்ந்திருக்கிறார். ஈயமும் வெள்ளீயமும் உருக்கித் தகடாக்கிக் குழாய் சுருட்டக் கற்றார். ஊர் ஊராகப் போய் ஆர்கன் கட்டினார். ஓர் ஊரில் துருத்தியில் காற்று கசிகிறது என்று குறை சொல்லிவிட்டார்கள். முழுவதையும் பிரித்து மறுபடி கட்டிக்கொடுத்தார். கடைசி வருடங்களில் காது மந்தமாகி, குழாயில் கை வைத்து அதிர்வைப் பார்த்தே சுருதி சேர்த்தாராம். கடைசி ஆர்கன் முடியும் முன்பே இறந்துபோனார். மனைவிதான் பட்டறை ஆட்களை வைத்து முடித்தார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெத்தவுக என்ன ஆனாக? ஊருக்கு வந்து பாத்தாரா, இல்லயா?" என்றார்.

பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் என் வாயிலிருந்து, "வந்தாருப்பா. அவுக ஊருக் கோயிலுக்கும் ஒண்ணு கட்டிக் குடுத்தாரு" என்று வந்தது. அப்பா தலையாட்டிவிட்டு ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போனார்.

மேடத்திடம் பேசிக்காட்டியபோதும் அதே வரியைச் சொல்லிவிட்டேன், திக்காமல், இலக்கணப் பிழை இல்லாமல்.

"இது எந்தப் பத்தியில் இருக்கிறது?" என்று கேட்டார் மேடம்.

தேடினேன். இல்லை என்று தெரிந்தே தேடினேன். அவர் சிரித்து, வாக்கியம் சரிதான், விஷயம்தான் தப்பு என்றார்.

தேர்வில் பாஸாகிவிட்டேன். வேலைக்கான கடிதமும் வந்தது. போன வாரம் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில், அப்பா தெரிந்தவர் ஒருவரிடம் என் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்ல ஒருத்தரு, பதினஞ்சு வயசுல போனவரு, பெத்தவுகளப் பாக்கத் திரும்பி வந்தாராம். கோயிலுக்கு ஆர்கன்லாம் கட்டிக் குடுத்தாராம்."

அது நான் சொன்ன கட்டுக்கதை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். இரண்டு முறை வாயெடுத்தேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் என்ன சொல்வது? பஸ் வந்துவிட்டது, அப்பாதான் முதலில் ஏறி எனக்கு இடம் பிடித்தார்.